ஹூவரும் ஜனாதிபதியின் டெலிபோனும்

ஒரு நாடு சுதந்திரமுள்ள நாடுதானா என்று அளந்தறிவதற்குப் பலர் பல கேள்விகளைக் கேட்பர். தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா, பத்திரிகைகள் வாய் திறந்து பேசுகின்றனவா, நியாயஸ்தலங்கள் அஞ்சாமல் தீர்ப்பளிக்கின்றனவா என்பனவெல்லாம் தக்க கேள்விகளே. ஆயினும் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ள வேண்டுமென்பது நமது கருத்து. அந்நாட்டின் தலைவரும் அந்நாட்டுப் போலீஸின் தலைவரும், அருகில் ஒருவரும் இல்லாத வேளையில், தங்களுக்குள் என்ன பேசிக் கொள்ளுகிறார்கள் என்பதே அது.

இதற்கு விடை எளிதில் கிடைப்பதில்லை. அதிகாரிகளின் அந்தரங்கப் பேச்சு காற்றோடு போய் விடுகிறது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது ஒரு காலத்தில் காற்றோடு போகவில்லை. 1963-ஆம் வருஷத்தின் இறுதி முதல் 1969-ஆம் வருஷத்தின் தொடக்கம் வரை ஜனாதிபதியாயிருந்த லிண்டன் ஜான்ஸன், தமது டெலிபோன் சம்பாஷணைகளை யந்திரத்தில் பதிவு செய்து வந்தார். எதிர்முனையில் பேசியவர்களில் பெரும்பாலோர் அதனை அறியார். 600 மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்பதிவுகளில் மந்திரிகளும் செனட்டர்களும் பத்திரிகாதிபர்களும் பேசுகிறார்கள். அவர்களிடையே ஒரு போலீஸ் அதிகாரியின் குரலும் கேட்கிறது. எப். பி. ஐ. என்று உலகெங்கும் பெயர் பெற்ற துப்பறியும் இலாகாவை 48 வருஷம் ஏகபோகமாக ஆண்ட ஜே. எட்கார் ஹூவரே அவர். அவருடைய சரித்திரத்தை இன்று வாசகர்கள் முன் வைக்கிறோம். அவரைப் பழிப்பது நமது நோக்கமன்று, போற்றுவதும் அன்று. ஒரு ஜனநாயக ராஜ்யத்தில் அத்தகைய அதிகாரம் எவ்வாறு விளைந்தது, அதற்கு நீர் வார்த்தவர்கள் யாவர் என்று அறிவதே நோக்கம்.

ஹூவர் 1895-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி வாஷிங்டன் நகரில் பிறந்தார். பகலில் காங்கிரஸ் புத்தகசாலையில் வேலை பார்த்துக் கொண்டே, இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையில் சட்டம் பயின்றார். லட்சக்கணக்கான புத்தகங்களைச் சிறு அட்டைகளின் உதவியால் ஒரு நொடியில் கண்டெடுக்கும் வித்தையை அவர் அந்தப் புத்தகசாலையில் நன்கு கண்டிருந்தார். புத்தகங்களுக்கு ஏற்பட்ட அந்த வித்தையை மனிதர்களிடம் பிரயோகித்ததே அவருடைய உத்தியோக வாழ்வின் ஆரம்பம் எனலாம். 1917-ல் நீதி இலாகாவில் சேர்ந்தார். 1919-ல், தமது 24-வது வயதில், தீவிரவாதிகளைக் கண்காணிப்பதற்கென ஏற்பட்ட பகுதிக்குத் தலைவரானார். ருஷியப் புரட்சியைக் கண்டு அமெரிக்கச் செல்வர்கள் நடுங்கிய காலம் அது. தொழிலாளர் தலைவர்கள், அந்நிய தேசத்தார், சமதர்மவாதிகள் ஆகியோர் பெயர்களெல்லாம் அவருடைய அட்டைகளில் ஏறின. 1919 டிஸம்பரில் 249 பேர் ஒரே கப்பலில் நாடு கடத்தப்பட்டனர். 1920 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் பாமர் நடத்திய சோதனைகளில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். அவர்களில் பலர் மீது எக்குற்றமும் ரூபிக்கப்படவில்லை. சட்ட நிபுணர்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். பாமரின் புகழ் மங்கியது. அவர் அருகில் நின்று பட்டியல் தயாரித்த இளைஞர் மட்டும் ஒரு கீறலுமின்றித் தப்பினார்.

1924-ஆம் வருஷம் மே மாதம் அவருக்கு 29 வயது. புதிதாக அட்டர்னி ஜெனரல் பதவியேற்ற ஹார்லன் ஸ்டோன், லஞ்ச ஊழல்களால் நாற்றமெடுத்திருந்த துப்பறியும் இலாகாவைச் சுத்தம் செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். ஒப்புவிக்கும்போதே ஒரு வேலியும் போட்டார். சட்டத்தை மீறிய செயல்களை மட்டுமே இலாகா விசாரிக்க வேண்டும், மனிதர்களுடைய அபிப்பிராயங்களை விசாரிக்கலாகாது என்பதே அவ்வேலி. பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதியான ஸ்டோன், கட்டுக்கடங்காத ரகசியப் போலீஸ் சுதந்திர நாட்டுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்ந்திருந்தவர்.

ஹூவர் அந்த வேலிக்குள் நின்று செய்த காரியங்களை நாம் மறுக்க விரும்பவில்லை. சிபாரிசின் பேரில் வந்த சோம்பேறிகளை வெளியேற்றினார். சட்டமோ கணக்கோ படித்தவர்களைப் பொறுக்கி எடுத்தார். தேசம் முழுவதற்குமான விரல்ரேகைச் சாலையை அமைத்தார். 1932-ல் குற்றங்களை ஆராயும் ரஸாயனசாலையைத் திறந்தார். 1934-ல் ஜான் டில்லிஞ்ஜர் முதலிய பிரபல கொள்ளைக்காரர்களை இலாகாவினர் வேட்டையாடியபோது, அமெரிக்கச் சிறுவர்களுக்கெல்லாம் ஹூவர் வீரபுருஷராகத் தோன்றினார். 1935-ல் இலாகா எப். பி. ஐ. என்னும் பெயரைப் பெற்றது. இவ்வளவில் நின்றிருந்தால் அவருடைய சரித்திரம் ஒரு திறமைசாலியின் சரித்திரமாக முடிந்திருக்கும்.

வேலியைப் பிடுங்கியவர் ஹூவர் அல்லர். 1936-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை அழைத்து, பாஸிஸ்டுகளுடையவும் கம்யூனிஸ்டுகளுடையவும் இயக்கங்களைப் பற்றி ரகசியமாகத் தகவல் திரட்டுமாறு ஏவினார். 1940 மே மாதத்தில், டெலிபோன் பேச்சை ஒட்டுக் கேட்பதற்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தும், தேசப் பாதுகாப்பை முன்னிட்டு அதற்கு அனுமதி கொடுத்தார். ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக் கொண்டிருந்த நேரம். ஆகவே ரூஸ்வெல்ட்டின் அச்சம் வீண் அச்சமென்று நாம் சொல்லோம். ஆனால் யுத்த காலத்துக்கென்று திறந்த கதவு யுத்தம் முடிந்த பின் மூடப்படவில்லை. அபிப்பிராயங்கள் மீண்டும் அட்டையில் ஏறின. அட்டைகள் கட்டுகளாயின. கட்டுகளில் சில, இலாகாவின் பொது அறையில் வைக்கப்படாமல், தலைவரின் சொந்த அறையிலேயே தங்கின. அவற்றில் என்ன இருக்கின்றதென்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாதிருந்ததே அவற்றின் பலம். காலம் சென்ற கூலிட்ஜ் முதல் நிக்ஸன் வரை எட்டு ஜனாதிபதிகள் வந்தனர், போயினர். ஹூவர் மட்டும் தமது நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தார்.

1961-ல் ஜான் கென்னடி ஜனாதிபதியானார். அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாகி, அதுவரை பெயரளவில் மட்டுமே இருந்த மேலதிகாரத்தை உண்மையில் செலுத்த முயன்றார். ஜனாதிபதியோடு நேராகப் பேசிப் பழகிய ஹூவருக்கு, தம் வயதில் பாதியே நிரம்பிய ஓர் இளைஞர் மூலமாகப் பேச நேர்ந்தது பெரும் அவமதிப்பாகத் தோன்றியது. ஆயினும் அந்த ராபர்ட் கென்னடியே 1963 அக்டோபரில், கறுப்பு மக்களின் தலைவரான மார்ட்டின் லூதர் கிங்கின் டெலிபோனை ஒட்டுக் கேட்க ஹூவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சட்டத்துக்குத் தலைவரானவரும் ரகசியத்தின் ருசிக்குத் தப்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உபஜனாதிபதியாயிருந்த ஜான்ஸன் அன்றே பதவிப் பிரமாணம் செய்து கொண்டார். டெக்ஸஸ் மாகாணத்தில் 1908-ல் பிறந்த ஜான்ஸனும் ஹூவரும் வாஷிங்டனில் பல வருஷங்கள் ஒரே வீதியில் அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்கள். இப்போது அந்த அண்டை வீட்டார் உறவு ராஜாங்க உறவாயிற்று. அட்டர்னி ஜெனரலைத் தாண்டி ஹூவரின் குரல் மீண்டும் நேராக ஜனாதிபதியின் காதில் விழத் தொடங்கியது.

மறுநாள் காலையிலேயே இருவரும் டெலிபோனில் பேசினர். கொலையாளி என்று பிடிபட்ட ஆஸ்வால்டைப் பற்றியும், துப்பாக்கியைப் பற்றியும், மெக்ஸிகோ நகரில் அவன் பெயரால் நடந்தவற்றைப் பற்றியும் ஹூவர் விவரித்தார். அச்சம்பாஷணையின் எழுத்துப் பிரதி எஞ்சியிருக்கிறது; பதிவில் ஒலி இல்லை. 25-ஆம் தேதி நடந்த பேச்சில் ஜனாதிபதி வேறொரு கவலையைச் சொன்னார். விசாரணைக்கென ஒரு கமிஷன் அமைக்க வேண்டுமென்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை தலையங்கம் எழுதக் கூடுமென்றும், அதைத் தடுக்க ஹூவரால் ஏதேனும் செய்ய முடியுமானால் நலமென்றும் குறிப்பிட்டார். ஹூவரோ அப்பத்திரிகையிடம் தமக்குச் செல்வாக்கு இல்லையென்றும், அதைக் கம்யூனிஸ்டுப் பத்திரிகைக்குச் சமமாகவே தாம் மதிப்பதாகவும் தெரிவித்தார். பத்திரிகையில் நாளைக்கு எது வர வேண்டும், எது வரக்கூடாது என்று நாட்டின் தலைவர் போலீஸ் தலைவரிடம் யோசனை கேட்பது சிறிய விஷயமன்று. பத்திரிகைத் தொழிலில் உள்ள நமக்கு அதனை வாசிக்கையில் மனம் துணுக்குறுகிறது.

29-ஆம் தேதிக்குள் ஜான்ஸன் மனம் மாறினார். பிரதம நீதிபதி வாரன் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷனை அமைப்பதென்று தீர்மானித்து, அன்று பிற்பகலில் ஹூவரை அழைத்தார். அங்கத்தினராகப் போகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார். எத்தனை குண்டுகள் சுடப்பட்டன, அவற்றில் ஏதேனும் தம்மைக் குறி வைத்ததா என்று விசாரித்தார். மூன்று குண்டுகள் என்றும், அவரைக் குறி வைத்தது ஒன்றுமில்லை என்றும் ஹூவர் விடையளித்தார். குண்டு துளைக்காத மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. முடிவில், ஹூவர் தமக்கு வெறும் இலாகாத் தலைவரல்லர், உடன்பிறந்தவர் போன்றவர், கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட நண்பர் என்று ஜனாதிபதி உருகினார்.

ஒரு வாரத்துக்கு முன் நண்பரின் ரத்தத்தைக் கண்ட ஒருவர், தம் உயிருக்கு அஞ்சி, பழகியவரைப் பற்றிக் கொள்வது மனித சுபாவம். அதனை நாம் இகழோம். ஆனால் அச்சம்பாஷணையில் மறைந்து கிடந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்வால்டு எப். பி. ஐ.க்கு முன்பே தெரிந்த ஆசாமி. அவனைச் சரியாகக் கண்காணிக்கத் தவறியதற்காக, அடுத்த டிஸம்பர் மாதத்திலேயே ஹூவர் தமது இலாகாவைச் சேர்ந்த 17 பேரை ரகசியமாகத் தண்டித்தார். வெளியிலோ இலாகாவின் மீது குற்றமில்லை என்றே சாதித்தார். எந்த இலாகாவின் நடத்தையையும் சேர்த்து அந்தக் கமிஷன் ஆராய வேண்டியிருந்ததோ, அந்த இலாகாவின் தலைவரிடமே கமிஷன் அங்கத்தினர்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது. நட்பினால் வந்த கேடு இது.

உத்தியோகஸ்தர்கள் 70 வயதில் விலக வேண்டுமென்பது அக்காலத்தில் அமெரிக்கச் சட்டமாயிருந்தது. 1965 ஜனவரி முதல் தேதி ஹூவருக்கு 70 நிரம்பவிருந்தது. 1964 மே 8-ஆம் தேதி, வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் சபை கூட்டி, ஹூவர் காலவரையறையின்றி நீடிக்கலாமென்று ஜான்ஸன் உத்தரவு பிறப்பித்தார். புகழ்மாலையாகத் தோன்றிய அவ்வுத்தரவு ஒரு கடிவாளமுமாகும். அதுவரை சட்டத்தின் பலத்தால் பதவி வகித்த ஹூவர், அன்று முதல் ஜனாதிபதியின் தயவால் பதவி வகித்தார். தயவு பெற்றவர் அதற்கு ஈடு செய்ய வேண்டுமல்லவா? அவரிடம் கொடுப்பதற்கு இருந்த சரக்கு ஒன்றே. அது பிறருடைய ரகசியம்.

ஆயினும் அந்த டெலிபோன் நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1964 ஜூன் 21-ஆம் தேதி மிஸிஸிப்பி மாகாணத்தில், கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை தேடித் தரச் சென்ற சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்னும் மூன்று வாலிபர்கள் காணாமற் போயினர். இரண்டு நாள் கழித்து, அவர்கள் சென்ற வண்டி எரிந்து கிடந்ததை ஹூவர் டெலிபோனில் ஜனாதிபதிக்கு அறிவித்தார். வண்டியினுள் உடல்கள் இருக்கின்றனவா என்பது கூட அந்த நேரத்தில் தெரியவில்லை. காணாமற் போனவர்களின் குடும்பத்தார் சிலர் அதே தினத்தில் வெள்ளை மாளிகைக்கு வந்து ஜனாதிபதியைக் கண்டனர். அன்று முதல் ஜான்ஸன் ஹூவரை விடவில்லை. கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் வெள்ளை வெறியர் கூட்டத்தினுள் ஒற்றர்களைப் புகுத்துமாறும், அம்மாகாணத்தில் இலாகாவின் ஆட்களைப் பெருக்குமாறும் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். கறுப்பு மக்களின் கிளர்ச்சியை வெறுத்த ஹூவர் ஜூலை மாதத்தில் தாமே ஜாக்ஸன் நகருக்குச் சென்று புதிய காரியாலயத்தைத் திறக்க நேர்ந்தது. கிளர்ச்சிக்காரர்களுக்குப் பாதுகாப்பளிப்பது தமது இலாகாவின் வேலையன்று என்று அங்கேயே சொல்லவும் அவர் தவறவில்லை. ஆகஸ்டு 4-ஆம் தேதி, ஒரு மண் அணையின் அடியிலிருந்து மூன்று பிரேதங்களும் தோண்டி எடுக்கப்பட்டன. 1967-ல் ஏழு பேர் தண்டனை பெற்றனர். மிஸிஸிப்பியில் அதற்கு முன் காணாத நியாயம் அது. ஜனாதிபதி சட்டத்தின் காரியத்துக்காகப் போலீஸ் தலைவரை ஏவியபோது, அந்த டெலிபோன் எளியவர்களுக்கு அரணாயிற்று.

அதே ஆகஸ்டு மாதத்தில் அந்த உறவு வேறு காரியத்துக்குப் பயன்பட்டதையும் பாருங்கள். அட்லாண்டிக் ஸிடியில் ஜான்ஸனின் கட்சி மகாநாடு கூடிற்று. மிஸிஸிப்பியின் கறுப்பு மக்கள், தாங்களே உண்மைப் பிரதிநிதிகள் என்று உரிமை கோரி, பேனி லூ ஹேமர் என்னும் ஏழைக் கிருஷிகத் தொழிலாளப் பெண்மணி முதலானோருடன் அங்கு வந்து நின்றனர். மகாநாட்டில் சச்சரவு நேருமோ என்று ஜனாதிபதி கலங்கினார். ஹூவரின் உதவி அதிகாரி ஒருவர் தலைமையில் சுமார் 30 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். கிங் தங்கியிருந்த அறையின் டெலிபோன் ஒட்டுக் கேட்கப்பட்டது. கிளர்ச்சிக்காரரின் காரியாலயத்தில் ஒலிவாங்கி ஒளித்து வைக்கப்பட்டது. அவர்கள் தங்களுக்குள் செய்த யோசனைகள் உடனுக்குடன் வெள்ளை மாளிகைக்கு எட்டின. அவர்கள் எந்தச் சட்டத்தை மீறினார்கள்? ஒன்றையும் மீறவில்லை. ஓட்டுரிமை கேட்டார்கள், அவ்வளவே. அந்த வருஷத்துத் தேர்தலில் எதிர் அபேக்ஷகராயிருந்த கோல்ட்வாட்டரின் சிப்பந்திகளைப் பற்றியும் இலாகாவின் கட்டுகளிலிருந்து வெள்ளை மாளிகைக்குத் தகவல் சென்றது. மண் அணையைத் தோண்டுவித்த அதே இலாகா, எதிர்க்கட்சியாரின் வாழ்க்கையையும் தோண்டியது.

கிங் விஷயத்தில் ஹூவர் நடந்து கொண்ட விதம் இன்னும் கொடியது. காந்தியடிகளின் வழியைத் தமது வழியாகக் கொண்டு, 1959-ல் இந்தியாவுக்கே வந்து சென்ற அப்பெரியாரை, 1964 நவம்பரில் பத்திரிகை நிருபர்களுக்கு முன்னிலையில் ஹூவர் பெரும் பொய்யர் என்று தூற்றினார். அதே மாதத்தில், ஒளித்து வைத்த ஒலிவாங்கிகளால் திரட்டிய பதிவு ஒன்றும், தற்கொலை செய்து கொள்ளும்படி தூண்டுவதாகத் தொனிக்கும் கையொப்பமில்லாத கடிதம் ஒன்றும் கிங்குக்கு அனுப்பப்பட்டன. அனுப்பியது எப். பி. ஐ. என்பது பின்னர் வெளியாயிற்று. அடுத்த டிஸம்பரில் உலகம் கிங்குக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசை அளித்துக் கௌரவித்தது. ஜனாதிபதியோ பிரஜா உரிமைச் சட்டங்களுக்காகக் கிங்குடன் ஒரு கையால் கைகுலுக்கினார்; மறுகையால் அவரைப் பற்றிய ஒற்றறிக்கைகளை வாங்கிக் கொண்டிருந்தார். அனுப்பாதே என்று ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்லியிருந்தால், ஹூவரால் என்ன செய்திருக்க முடியும்?

1965 மார்ச்சு 25-ஆம் தேதி, ஸெல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடந்த யாத்திரை முடிந்த இரவு, வயோலா லியூஸோ என்னும் வெள்ளை மாது அலபாமா சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து குழந்தைகளின் தாய். யாத்திரிகர்களைத் தமது வண்டியில் ஏற்றி உதவியவர். மறுநாள் ஹூவர் ஜனாதிபதியை டெலிபோனில் அழைத்தார். கொலையாளிகள் சென்ற வண்டியில் தமது ஒற்றன் ஒருவன் இருந்தானென்றும், அவன் சுடவில்லையென்றும் தெரிவித்தார். அன்றே ஜான்ஸன், ஹூவர் பக்கத்தில் நிற்க, நால்வர் பிடிபட்ட செய்தியைத் தேசத்துக்கு அறிவித்தார். ஜனங்கள் ஹூவரைக் கொண்டாடினர். ஆனால் கொலை வண்டியில் அரசாங்கத்தின் கூலி பெற்றவன் அமர்ந்திருந்தும் கொலை ஏன் தடைபடவில்லை என்னும் கேள்வி எழாமலிருக்க வேண்டுமே! ஆகவே இறந்த மாதின் ஒழுக்கத்தைப் பற்றி அவதூறுகள் இலாகாவிலிருந்து பரவின. அவற்றை மறுத்துப் பேச அப்புண்ணியவதி உயிரோடில்லை. அவருடைய பிள்ளைகளே பல வருஷங்கள் அந்த இழிசொற்களைச் சுமந்தனர்.

இவ்வளவுக்கும் ஜான்ஸன் ஒட்டுக் கேட்பதை வெளிப்படையாகக் கண்டித்தவர். 1965 ஜூன் 30-ஆம் தேதி, தேசப் பாதுகாப்பு விஷயங்கள் தவிர வேறெதற்கும் டெலிபோனை ஒட்டுக் கேட்கலாகாதென்று எல்லா இலாகாக்களுக்கும் உத்தரவிட்டார். உத்தரவிட்ட மேஜையின் அருகிலேயே அவருடைய பதிவு யந்திரம் சுழன்று கொண்டிருந்தது. இதனைக் கபடம் என்று ஒரே சொல்லில் முடித்து விடுவது எளிது. ஆனால் அவ்வளவு எளிதான மனிதரல்லர் ஜான்ஸன். 1964-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும், 1965-ஆம் வருஷத்து ஓட்டுரிமைச் சட்டமும் அவர் கையொப்பம் பெற்றவை. நூறு வருஷம் தாழ்ந்து கிடந்த ஒரு ஜாதியாரை நிமிர்த்திய சட்டங்கள் அவை. அத்தகைய நற்காரியம் செய்தவரும், பிறர் அந்தரங்கத்தைத் தட்டில் வைத்து நீட்டியபோது வேண்டாமென்று தள்ளவில்லை. நல்லவர் கையில் இருக்கிறது, ஆகையால் பயமில்லை என்று ரகசிய அதிகாரத்துக்கு வாதாடுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

1968-ல் கிங் மெம்பிஸ் நகரில் கொல்லப்பட்டார். 1969-ல் ஜான்ஸன் பதவி விட்டு அகன்றார். ஹூவர் அகலவில்லை. 1971 மார்ச்சு 8-ஆம் தேதி இரவு, பென்ஸில்வேனியாவில் மீடியா என்னும் சிற்றூரிலிருந்த எப். பி. ஐ. காரியாலயத்தில் சில குடிமக்கள் புகுந்து, அங்கிருந்த தஸ்தாவேஜுகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினர். மாணவர்களையும் கறுப்பு மக்களின் சங்கங்களையும் சமாதான இயக்கத்தாரையும் இலாகா எவ்வாறு வேவு பார்த்தது என்பது அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. கட்சிகளையும் சங்கங்களையும் உள்ளிருந்தே குலைப்பதற்கென 1956 முதல் நடந்து வந்த ரகசியத் திட்டத்தை அந்த ஏப்ரலில் ஹூவர் நிறுத்தினார். சட்டமோ மனச்சாட்சியோ செய்யாததை வெளிச்சம் செய்தது.

1972 மே 2-ஆம் தேதி, 77-வது வயதில், ஹூவர் தமது வீட்டில் காலமானார். பதவியிலிருந்தபடியே மாண்ட அவருடைய உடல் காங்கிரஸ் மாளிகையின் நடுமண்டபத்தில் ராஜ மரியாதையுடன் வைக்கப்பட்டது. அதே நாட்களில், அரை நூற்றாண்டு அவரிடம் காரியதரிசியாயிருந்த மாது, அவருடைய சொந்தக் கட்டுகளைக் கிழித்து அழித்துக் கொண்டிருந்தார். அவை சொந்தக் கடிதங்களே என்று அம்மாது பின்னர் சாட்சியம் கூறினார். அவற்றில் என்ன இருந்ததென்பதை இனி ஒருவரும் அறிய இயலாது.

1975, 1976-ஆம் வருஷங்களில் செனட்டர் பிராங்க் சர்ச்சு தலைமையில் கூடிய செனட் கமிட்டி, எஞ்சிய தஸ்தாவேஜுகளைப் பரிசோதித்து, நாம் மேலே சொன்னவற்றில் பலவற்றை உலகறியச் செய்தது. எப். பி. ஐ. தலைவரை நியமிக்கையில் செனட் சபையின் சம்மதம் பெற வேண்டுமென்று 1968-ல் ஏற்பட்ட சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஜான்ஸனே. ஹூவருக்குப் பின் வருபவர்களுக்கே அது பொருந்தியது. பத்து வருஷத்துக்கு மேல் ஒருவர் அப்பதவியில் இருக்கலாகாதென்று 1976-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. தம் காலத்துக்குப் பிறகாவது இன்னொரு ஹூவர் வேண்டாம் என்று அமெரிக்கர்கள் தீர்மானித்ததற்கு அறிகுறிகள் இவை.

இனி அந்த யந்திரத்தின் கதைக்குத் திரும்புவோம். 1973 ஜனவரியில் ஜான்ஸன் இறந்தார். தமது பதிவுகள் 50 வருஷம் முத்திரையிட்டுக் கிடக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆனால் 1993 முதற்கொண்டே டெக்ஸஸ் ஆஸ்டின் நகரிலுள்ள அவருடைய பெயர் கொண்ட புத்தகசாலை அவற்றைத் திறந்து விடலாயிற்று. அன்று ஒருவருமறியாமல் பேசிய இருவருடைய பேச்சையும் இன்று எந்தக் கல்லூரி மாணவனும் செவியால் கேட்கலாம்.

ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், அரசனுக்கு ஒற்றன் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்த்த பின்னரே கொள்ள வேண்டுமென்று விதித்தார். எட்டு ஜனாதிபதிகளில் ஒருவரும் ஹூவர் கொணர்ந்ததை அவ்வாறு ஒத்துப் பார்க்கத் துணியவில்லை. அச்சத்தால் சிலர் துணியவில்லை; சுயநலத்தால் சிலர் துணியவில்லை. ஜான்ஸன் தம்மையறியாமல் வைத்துப் போன அந்த யந்திரமே இறுதியில் இரண்டாவது ஒற்றாக அமைந்தது. அது ஹூவரை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. அவரை அழைத்துப் பேசியவரையும் காட்டிக் கொடுத்தது.

ஆனால் யந்திரத்தை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. 30 வருஷம் கழித்துத் தெரியும் உண்மை சரித்திராசிரியனுக்கு உதவும். லியூஸோ அம்மையாரின் பிள்ளைகளுக்கு உதவாது. போலீஸ் தலைவரின் அதிகாரம் சட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். ஆளுவோரின் தயவிலிருந்து பிறக்கலாகாது. அவருடைய பதவிக்குக் கால எல்லை வேண்டும். அவர் திரட்டுவதைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கும் உரிமை ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு உயிரோடு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறருடைய அந்தரங்கம் தம் மேஜைக்கு வரும்போது அதைத் திருப்பி அனுப்பும் தைரியம் தலைவர்களுக்கு வேண்டும். அந்தத் தைரியம் தங்கள் தலைவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுக் கொண்டேயிருக்கும் ஜனங்களே சுதந்திர ஜனங்கள்.